நீலக் கடை முடக்கு

ஹெல்மெட் வாரைத் தாடைக்குக் கீழே இறுக்கிப் பூட்டியபோது எனக்குக் கடவுள் ஞாபகம் வரவில்லை. கழிவறை ஞாபகம்தான் வந்தது. அதற்குள் மூன்று தடவை போய் வந்திருந்தேன். நான்காவது தடவை இறங்கப் பார்த்தபோது ஸ்டியரிங்கில் இருந்த ரோஸ்லின் கையை நீட்டிக் கார்க் கதவைச் சாத்திவிட்டாள்.

புசல்லாவைக்கு மேலே, பிரதான வீதியை விட்டுப் பிரிந்து ஏறும் ஒரு தோட்டப் பாதை அது. வெயில் வந்தும் வராமலும் இருந்தது. இரண்டு பக்கமும் தேயிலை. நடுவே ஒரு கார் போகிற அளவுக்குத் தார். அந்தத் தார் எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்பதை மூடுபனி தன் இஷ்டத்துக்குத் தீர்மானித்துக்கொண்டிருந்தது.

காருக்குள்ளே பெற்றோல் மணம், புது ரெக்சீன் மணம், இரண்டையும் மீறி என் வியர்வை மணம். மடியில் தடித்த அட்டை போட்ட ஒரு பழைய சி.ஆர். கொப்பி. அதற்குள் இருபத்திரண்டு வயதில் நான் எழுதிய கையெழுத்து. இன்றைக்கு நான் கண்டியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்து கொடுக்கிறவன். என்னுடைய பழைய எழுத்து எனக்கே தெரியவில்லை. கண்ணாடியின் குறையல்ல, பயம்.

"ரெடியா அங்கிள்?" என்றாள் ரோஸ்லின்.

ரெடி என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தலையை ஆட்டினேன். ஹெல்மெட் கனத்தில் தலை ஒரு பக்கம் போய், அங்கேயே கொஞ்சநேரம் நின்றது.

"பேசாம இருக்கக்கூடாது. அப்பா சொல்லியிருக்கார், நீங்க வாய மூடினாத்தான் நாங்க பயப்படணுமாம்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவளுக்கு என்ன தெரியும்? எவ்வளவு தெரியும்?

கார் கிளம்புவதற்குள் உங்களுக்கு அதைச் சொல்லிவிட வேண்டும். கிளம்பிய பிறகு என்னால் எதுவும் ஒழுங்காகச் சொல்ல முடியாது.

பயமே உத்தியோகமான கதை

பல் பிடுங்கப் போன இடத்தில் ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்ததைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நாவலப்பிட்டியிலிருந்து ஒரு வாசகி, உங்களுக்குப் பயமில்லாத காரியம் ஒன்றாவது உண்டா என்று கேட்டிருக்கிறார். உண்டு அம்மா. நிறுத்தி வைத்த காரில் எனக்குப் பயமே கிடையாது.

ஓடுகிற காரில் பயந்ததால்தான் எனக்குப் பெஞ்சமின் அண்ணனின் சிநேகம் கிடைத்தது.

பெஞ்சமின் அண்ணன் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் கண்டியிலிருந்து நுவரெலியா வரை அவர் பெயரைச் சொன்னால் சைக்கிள் கடைக்காரரும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பேச வருவார். கிழமை நாட்களில் தேயிலை ஸ்டோரில் மெஷின் பார்க்கிறவர். நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு. மலைப் பந்தயம் நடக்கிற நாளில் மட்டும் தோய்த்து மடித்த வெள்ளைச் சட்டை. கார் ஒரு சின்னப் பழைய கார். சிவப்பு. வால்பக்கம் கொஞ்சம் வளைந்திருக்கும். ரசிகர்கள் மிளகாயை நினைத்து அதற்குக் கொச்சிக்காய் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

முடக்கு வளைவில் கொச்சிக்காய் திரும்பும்போது பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பும். ஒரு சாண் இருக்கும். அதைப் பார்க்கத்தான் சனம் தேயிலைக்குள் இறங்கி நிற்கும், அட்டை ஏறுவதும் தெரியாமல். மற்றச் சாரதிகள் பந்தயத்துக்கு முன் குட்டி போட்ட பூனை மாதிரி நடப்பார்கள். அவர் பொனெட் மீது சாய்ந்து நின்று ஒரு கோழிக்கூட்டு வாழைப்பழத்தை அவசரமில்லாமல் உரித்துத் தின்பார். தோலைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

நான் அப்போது கண்ணாடிக் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். ஸ்டோர் கிளார்க்கருக்குக் கண்ணாடி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு பஸ்ஸைத் தவறவிட்டு நின்றேன். கம்பளைக்குத்தான் போகிறேன், ஏறு என்றார் அண்ணன். ஏறினேன். அதற்குப் பிறகு கம்பளை வரைக்கும் நான் வாயை மூடவில்லை.

லொறி வருது, லொறி வருது. மாடு, இடது பக்கம் மாடு. பள்ளம். மதகு ஒடஞ்சிருக்கு. ஸ்கூல் பிள்ளைங்க. மறுபடி பள்ளம். ஐயோ பஸ்.

எல்லாம் பயத்தில் வந்த புலம்பல். கம்பளையில் காரை நிறுத்திவிட்டு அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ நல்லா முடக்குச் சொல்றடா," என்றார். "அடுத்த பந்தயத்துக்கு என் பக்கத்தில ஒக்காரு."

பந்தயக் காரில் சாரதிக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து, அடுத்து என்ன வளைவு, எவ்வளவு கூர், எந்தக் கியர் என்று வாசித்துக்கொண்டே போவார். நெவிகேட்டர் என்பார்கள். எங்கள் பக்கத்தில் முடக்குச் சொல்றவன். என் நடுக்கத்தை அவர் திறமை என்று நினைத்துவிட்டார். மறுக்கவும் எனக்குப் பயம்.

மற்றவர்கள் வளைவுகளை இலக்கம் போட்டு எழுதினார்கள். அண்ணனுக்கு இலக்கம் பிடிக்காது. "நம்பர் எல்லாம் ஸ்டோர்ல பாத்தாச்சு. கண்ணால காண்றதச் சொல்லு," என்பார். ஆகவே என் கொப்பியில் இப்படித்தான் இருக்கும்: கொய்யா மரம், இடது, மெல்ல. கோயில், இடது, மூன்றாம் கியர். கோயில், இடது, மூன்றாம் கியர். நீலக் கடை, வலது, கூர், இரண்டாம் கியர்.

அந்தக் கடைசி வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மூச்சு

அந்தத் தோட்டப் பாதைப் பந்தயம் நடந்த நாள் எந்த வருஷம் என்று எழுத மாட்டேன். எழுதினால் என் வயதைக் கணக்குப் பார்ப்பீர்கள். மழை விட்டு இரண்டு நாள். மூடுபனி தேயிலையிலிருந்து எழும்பிப் பாதைக்கு வந்து படுத்திருந்தது. பொனெட்டுக்கு அப்பால் வெள்ளை. அந்த மாதிரி நாளில் சாரதிக்குக் கண் கிடையாது. பக்கத்தில் இருக்கிறவன் வாய்தான் கண்.

கொய்யா மரம் சொன்னேன். கோயில் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாரோ கத்துகிற மாதிரி இருந்தது. பீலி என்று சொல்லி முடிப்பதற்குள் சக்கரம் ஈரத்தில் ஏறி வழுக்கிவிட்டது. காரின் பின்பக்கம் பள்ளத்தை எட்டிப் பார்த்தது. என் ஜன்னலில் பாதை இல்லை, வெறும் ஆகாயம். அண்ணன் ஸ்டியரிங்கை லேசாகத் தட்டிக் காரைத் திரும்பப் பாதைக்குக் கொண்டுவந்தார். அவருக்கு அது மூக்கைச் சொறிகிற மாதிரி.

நான் கண்ணை மூடிவிட்டேன்.

கண்ணை மூடினால் எனக்கு வாயும் மூடிவிடும். அது என் பிறவிக் கோளாறு. மூன்று மூச்சு எடுத்திருப்பேன். அடுத்த வரி மடியில் இருந்தது, நாக்கில் இல்லை. கார் நேராகவே போனது. தேயிலைச் செடிகள் காரின் அடிவயிற்றில் சடசடவென்று அறைந்தன. பிறகு ஆகாயம் ஒரு தடவை காலுக்குக் கீழே வந்துவிட்டுப் போனது.

எனக்கு நெற்றியில் ஒரு கீறல். அண்ணனின் வலது முழங்கால் ஸ்டியரிங்குக்குக் கீழே நொறுங்கியிருந்தது. அதற்குப் பிறகு அவர் பந்தயம் ஓடவில்லை.

என்னைச் செடிக்குள்ளிருந்து இழுத்துப் பாதையில் உட்கார வைத்தார்கள். முதலில் வந்து சேர்ந்தவர் ரவூப் நானா. கண்டியில் மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர். பந்தயத்துக்கு அவர்தான் அறிவிப்பாளர். கையில் ஒலிபெருக்கி, வாயில் வெற்றிலை. "எனத்த நடந்திச்சு? செல்லுடா," என்றார். சுற்றிலும் ஐம்பது முகம்.

அப்போதுதான் கண்ணைச் சரியாகத் திறந்தேன். எதிரே கடை. பச்சை நிறத்தில் இருந்தது. மூன்று நாளைக்கு முன் ஒத்திகை ஓட்டத்தில் நீலமாக இருந்த அதே கடை. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்காகப் புதுசாக அடித்திருக்கிறார்கள். வாசலில் நின்ற கடைக்காரரின் விரல்களில் பச்சை இன்னும் காயவில்லை.

"கடை நீலமா இருந்திச்சு நானா," என்றேன். "இன்னைக்குப் பச்சையா இருக்கு."

இரண்டு வாக்கியமும் உண்மை. அந்தக் கேவலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. ஒரு பொய் கூடச் சொல்லாமல் ஒரு மனிதனின் தலையில் ஒரு காரைத் தூக்கி வைத்துவிட்டேன். கடை சிவப்பாக இருந்தாலும் கறுப்பாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். நான் பார்க்கவே இல்லை.

ஐம்பது முகமும் கடைக்காரர் பக்கம் திரும்பியது. அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். பிறகு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

பலகையில் படுத்திருந்த அண்ணன் மட்டும் என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "ஓட்டினது நான்," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூட வலி காரணம். எனக்கு அந்தக் காரணமும் இல்லை.

ரவூப் நானாவின் மாடி

அதன் பிறகு பந்தயத்தில் மிஞ்சியது கதைதான். கதை என்றால் ரவூப் நானா.

வருஷத்துக்கு ஒரு தரம், அவருடைய கடையின் மேல்மாடியில், டயர்களுக்கு நடுவே பழைய ரசிகர்கள் கூடுவோம். பழைய கிளட்ச் தகட்டில் வெற்றிலை வரும். கலகெதரயிலிருந்தும் ஆள் வரும். எத்தனையோ சாரதிகளின் கதை ஓடும். கயிற்றால் பிரேக்கைக் கட்டிக்கொண்டு மலை இறங்கியவர், கல்யாண ஊர்வலக் காரில் போய்ப் பந்தயம் ஜெயித்துவிட்டு மாப்பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டவர் என்று. ரவூப் நானா வாயாலேயே எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவார். இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாற்றும் அந்த ஒரு கணச் சத்தக் குறைவு வரைக்கும் அவர் தொண்டையில் வரும்.

கடைசியாகக் கொச்சிக்காய் கதை. பீலியில் அவர் குரல் தாழும். எல்லாரும் கதிரை நுனிக்கு வருவோம். "நெவிகேட்டர் தேடுறான். நீலக் கடை எங்க, நீலக் கடை எங்க. கடை ஈக்குது, நீலம் இல்ல." மாடியே சிரிக்கும். என் முதுகில் நாலு கை தட்டும். பாவம்டா நீ என்று யாராவது சொல்வார்கள்.

நானும் சிரித்தேன். எல்லா வருஷமும். சில வருஷம், கதையில் ஒரு வரி விட்டுப்போனால் எடுத்துக்கூடக் கொடுத்திருக்கிறேன்.

பெஞ்சமின் அண்ணனும் ஒரு மூலையில் கைத்தடியோடு உட்கார்ந்திருப்பார். அந்தக் கதை வரும்போது மட்டும் வாழைப்பழம் உரிப்பார்.

நாங்கள் இரண்டு பேருமே அதற்குப் பிறகு அந்தத் தோட்டப் பாதைக்குப் போனதில்லை. அவருக்குக் கால். எனக்குக் காரணம் நூறு.

போன வருஷம் மழைக்காலத்தில் அண்ணன் காலமானார். அவருடைய மகள் ரோஸ்லின் கட்டுகஸ்தோட்டையில் கராஜ் நடத்துகிறவள். கொச்சிக்காயை ஆணி ஆணியாகப் பிரித்து, தகப்பனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு, திரும்பப் பூட்டியிருந்தாள். நினைவு ஓட்டமாக அதே பாதையில் அதை ஏற்ற வேண்டும் என்றாள். பக்கத்தில் யார் உட்காருவது என்பதில் மாடியில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எனக்கு முதுகுவலி, இரத்த அழுத்தம், அந்த நாளில் ஒரு கல்யாணம், எல்லாம் இருந்தது. சொன்னேன். சிரித்தார்கள். இவன் எப்பவும் பகிடிதான் என்றார்கள். வாழ்நாள் முழுக்கப் பகிடி பண்ணினால், ஒருநாள் உண்மையாகக் கெஞ்சும்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரு டின் பெயிண்ட்

ஓட்டத்துக்கு முன் பாதையை ஒரு தரம் நடந்து பார்க்க வேண்டும். ரோஸ்லின் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். காலையில் தனியாக ஏறினேன். கொய்யா மரம் இல்லை, அடிமரம் மட்டும் இருந்தது. கோயிலுக்குப் புதுக் கோபுரம். பீலியில் இரண்டு பெண்கள் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேலே திரும்பினேன். நீலக் கடை நீலமாக இருந்தது.

அன்றைக்கு அடித்த மாதிரிப் பளபளவென்று நீலம். பச்சை என்ற ஒன்று அந்தச் சுவரில் ஒருநாளும் இருந்ததில்லை என்கிற மாதிரி. எனக்கு ஒரு விநாடி, எல்லாம் நானே கற்பனை பண்ணிக்கொண்டதோ என்று ஆசை வந்தது.

கடைக்காரர் வெளியே வந்தார். செல்லையா என்று பெயர். இப்போது தலை முழுக்க வெள்ளை. என்னை யாரென்று தெரிந்துகொண்டதும் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பெஞ்சு போட்டார். பிளேன்டீ கொண்டுவந்தார். நின்றுகொண்டேதான் பேசினார்.

"போன கெழமதான் சார் அடிச்சேன். வெயிலுக்கு வெளிறிப் போவுது. அதனால வருஷா வருஷம் அடிச்சிருவேன். அதே நீலம். கம்பளையில ஒரே ஒரு கடையிலதான் அந்தக் கலர் வருது."

எதற்கு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இன்னொருக்கா யாரும் தவறிறக்கூடாது பாருங்க," என்றார்.

ஒரு டெலிபோன் கம்பெனிக்காரர்கள் வந்து, எங்கள் கலரில் சும்மாவே அடித்துத் தருகிறோம், போர்டும் வைக்கிறோம் என்றார்களாம். பக்கத்துக் கடையெல்லாம் அப்படித்தான் இருக்கிறது. இவர் முடியாது என்று அனுப்பிவிட்டாராம். பஸ் கண்டக்டர் இந்த நிறுத்தத்தைப் பெயிண்டுக் கடை என்றுதான் கத்துகிறாராம். பந்தயம் பார்க்க வந்தவர்கள் இன்றைக்கும் வழியில் நிறுத்தி, கார் கவிழ்த்த கடையா என்று கேட்டுவிட்டுத்தான் டீ குடிக்கிறார்களாம். ஒரு குறையாகச் சொல்லவில்லை. காலநிலை சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"பெஞ்சமின் ஐயாகிட்ட ஒரு மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன். வீட்டு வாசல் வரைக்கும் ரெண்டு தரம் போனேன் சார். உள்ள போவ முடியல்ல. இப்ப ஐயாவும் போயிட்டாரு. அவரு மககிட்டயாவது நீங்க கொஞ்சம் சொல்லி விடுவீங்களா?"

பிளேன்டீ கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஒரே மடக்கில் குடித்தேன். வாய் வெந்தது. பேசாமலிருக்க ஒரு காரணம் கிடைத்ததே என்று அந்த நேரத்திலும் என் மனம் சந்தோஷப்பட்டதைச் சொல்லியாக வேண்டும். தலையை ஆட்டிவிட்டு இறங்கினேன். கழிவறைக்கு முதல் தடவை போனது அப்போதுதான்.

கண் திறந்த பயணம்

இனி காருக்குள் வாருங்கள்.

கொடி இறங்கியது. கொச்சிக்காய் பாய்ந்ததில் என் தலை பின்னால் போய்ச் சீட்டில் இடித்தது. அதற்குப் பிறகு நான் சொன்னதையெல்லாம் கொப்பியில் தேடாதீர்கள்.

"கொய்யா, கொய்யா இல்ல, கட்டை, இடது. கோயில், புதுக் கோபுரம், இடது, மூணாவது. கல்லு. கொக்கு. கொக்குப் போயிருச்சு."

ரோஸ்லின் தகப்பனைப் போலவே ஓட்டினாள். ஸ்டியரிங்கைப் பிடிக்காமல் தொட்டுக்கொண்டிருந்தாள். பீலி வந்தது. அதே ஈரம். அதே இடத்தில் சக்கரம் வழுக்கியது. ஜன்னலில் அதே ஆகாயம். என் இமைகள் கடையை இழுத்து மூடுகிற மாதிரி இறங்க ஆரம்பித்தன.

இப்போது மூடினால் கதையே வேண்டியதில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. நேரே பள்ளம். யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையிருக்காது. சத்தியமாக வந்தது. அந்த அளவுக்கு எனக்கு அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கப் பயம்.

பக்கத்தில் ரோஸ்லினின் கை தெரிந்தது. நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு.

கண்ணை அகல விழித்தேன். எரிந்தது. மூடுபனிக்குள் முதலில் ஒரு நீலப் புள்ளி. பிறகு ஒரு சுவர். சுவருக்கு முன்னால் செல்லையா நின்றார். பாதையோரத்தில், விறைப்பாக, வலது பக்கம் கையை நீட்டிக்கொண்டு. கைகாட்டி மரம் மாதிரி. சுவரை மட்டும் நம்பி விடக்கூடாது என்று தானும் வந்து நின்றிருக்கிறார்.

"நீலக் கடை," என்று கத்தினேன். "வலது. கூர். ரெண்டாவது."

பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அந்த நேரம் எல்லாச் சக்கரமும் எழும்பின மாதிரித்தான் இருந்தது.

மேலே சனம் கைதட்டியது. ரவூப் நானா மைக்கோடு தயாராக நின்றார். ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறார் இப்போது, ஆனால் குரல் அதே குரல். எஞ்சினை வாயில் ஸ்டார்ட் பண்ணிவிட்டார். பீலிக்கு வந்துவிட்டார். நெவிகேட்டர் தேடுறான் என்று ஆரம்பித்தபோது நான் ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கினேன்.

"கடை எந்தக் கலர்னு எனக்குத் தெரியாது. நான் கண்ண மூடிக்கிட்டு இருந்தேன்," என்றேன்.

சனம் இன்னும் பலமாகக் கைதட்டியது. என் வீரத்தின் அழகு அது. ஹெல்மெட்டைக் கழற்ற மறந்துவிட்டேன். முகமறைப்பும் திறக்கவில்லை. குடத்துக்குள் வண்டு மாதிரி ஏதோ கேட்டிருக்கும். நன்றி சொல்கிறான் என்று நினைத்திருப்பார்கள்.

பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கு மட்டும் கேட்டது. ரவூப் நானா மைக்கை வாங்கி அணைத்தார். இத்தனை வருஷமாக அவர் ஊட்டி வளர்த்த கதை. அவர் முகத்தில் அப்படி ஒரு வெறுமையை நான் பார்த்ததில்லை.

"இத எனக்கிட்ட எனத்துக்குடா செல்லிய?" என்றார் கடைசியில். "செல்ல வேண்டிய ஆள் கீழ ஈக்கிறாரு."

ரோஸ்லினைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும் அங்கிள். அப்பாவுக்கும் தெரியும். நீங்க சத்தம் போடாம இருந்தப்பவே அவருக்கு விளங்கிருச்சாம். சின்னப் பையன், பயந்துட்டான், விடுன்னு சொன்னார்." பிறகு காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். "அந்த மனுஷன் வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிறார்னு மட்டும் அப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா உங்கள விட்டிருக்க மாட்டார்."

பெயிண்டுக் கடை

கீழே நடந்தே போனேன். ஹெல்மெட் வார் இறுகிக் கழலவில்லை, தலையில் அதோடுதான் போனேன். முகமறைப்பை மட்டும் தூக்கிவிட்டுக்கொண்டேன். கடை வாசலில் செல்லையா அண்ணனும் அவர் மனைவி பார்வதி அக்காவும் நின்றார்கள். "சரியா தெரிஞ்சிச்சா சார்?" என்றார் அவர். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

சொன்னேன். பகிடி இல்லாமல், முன்னுரை இல்லாமல் சொன்னேன். பச்சை என்பதால் இல்லை அண்ணே, நான் கண்ணை மூடியிருந்தேன், உங்கள் கடையை நான் பார்க்கவே இல்லை என்று.

அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார்.

"எம் மவன் பள்ளிக்கூடத்தில அடிபட்டு வந்தான் சார்," என்றார். "ஒங்கப்பன்தான் காரக் கவுத்தவன்னு சொன்னாங்களாம். நான் அவன்கிட்ட, ஆமா, அப்பா தப்புப் பண்ணிட்டேன்னு சொன்னேன்."

உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் நின்று வாங்கியிருப்பேன். அடித்திருந்தால் ஹெல்மெட் இருந்தது. அந்தத் திறந்த கதவுக்கு முன்னால் பயந்தது போல எந்த முடக்கிலும் நான் பயந்ததில்லை.

பார்வதி அக்காதான் பேசினார். "அவரு இப்ப வரமாட்டாரு. நீங்க போங்க." நான் திரும்பியபோது கூப்பிட்டார். "அந்தப் பச்ச நான் பாத்து எடுத்த கலரு. ரெண்டு நாள்தான் இருந்திச்சு. எனக்கு இந்த நீலம் ஒருநாளும் புடிச்சதில்ல."

அன்று மாலையே ரவூப் நானா மைக்கில் கதையைப் புதிதாகச் சொன்னார். நான் ஹெல்மெட் இல்லாமல் பக்கத்தில் நின்றேன். என்னைப் போல இரண்டு கண்ணையும் இறுக்கி மூடி, வாயையும் கோணி, அவர் நடித்துக் காட்டியதற்கு அந்த மலையே சிரித்தது. என்னோடு சேர்ந்து சிரிக்கிற பழைய சிரிப்பு இல்லை அது. சிலர் சிரிக்காமல் என்னையே பார்த்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டியிலிருந்து காலை பஸ் பிடிக்கிறேன். பெயிண்டுக் கடை என்று கண்டக்டர் கத்துகிற இடத்தில் இறங்குகிறேன். முதல் ஞாயிறு பழைய நீலத்தைச் சுரண்டினேன். எத்தனை வருஷத்து நீலம், தட்டுத் தட்டாக உரிந்தது. இரண்டாம் ஞாயிறு மழை, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். பார்வதி அக்கா பிளேன்டீ தந்தார். செல்லையா அண்ணன் உள்ளே சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார்.

போன ஞாயிறு மேல்பக்கம் பச்சை அடிக்க வேண்டியிருந்தது. ஏணி. எனக்கு ஏணியும் ஆகாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? நாலாவது படியில் கடவுளைக் கூப்பிட்டேன். ஆறாவது படியில் கீழே குனிந்து பார்த்துவிட்டேன். சுவரோடு ஒட்டிக்கொண்டு, தூரிகையை மட்டும் மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏணி ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நின்றது. யாரோ கீழே வந்து பிடித்திருக்கிறார்கள். பார்வதி அக்கா என்று நினைத்தேன்.

"கண்ணத் தொறந்து அடிங்க சார்," என்றார் செல்லையா அண்ணன். "அங்கன நீலம் தெரியுது."